கிணற்றடிப் பூநாகம்: புழுப்பாம்பைத் தேடிப் பார்த்து, அடையாளம் கண்டு, திரும்ப மண்ணில் விடுவது எப்படி

தை மாதம் பனங்கிழங்குப் பாத்தி கிண்டும் நாளில் எங்கள் யாழ்ப்பாண வீட்டு வளவில் ஒரு கூக்குரல் கட்டாயம் கேட்கும். மண்வெட்டி விழும், மண் புரளும், கிழங்கோடு கிழங்காகக் கறுப்பாய், பளபளவென்று ஏதோ ஒன்று துடிக்கும். அம்மம்மா எட்டத்தில் நின்றே கத்துவார்: "பூநாகம் மோனை! கிட்டப் போகாதை, செவிக்குள்ளை பூந்திடும்!" அவ்வளவுதான், யாராவது செருப்பைக் கழற்றிவிடுவார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பால் வைத்துவிட்டு வந்த அதே கை. படமெடுக்கும் நாகத்துக்குக் கும்பிடு, பாத்திக்குள் கிடந்த அரைச்சாண் உயிருக்குச் செருப்படி.

அந்த அரைச்சாண் உயிரும் பாம்புதான். எறும்புக் குஞ்சும் கறையானும் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிற பாம்பு. புத்தகங்களில் புழுப்பாம்பு அல்லது குருட்டுப் பாம்பு என்று இருக்கும். அறிவியல் பெயர் இண்டோடிப்லொப்ஸ் பிராமினஸ். அதை உங்கள் வளவிலேயே தேடிப் பார்ப்பது, சரியாக அடையாளம் காண்பது, குளியலறைக்குள் வந்துவிட்டால் பதறாமல் வெளியே கொண்டுபோய் விடுவது எல்லாவற்றையும் ஒவ்வொரு படியாக இங்கே எழுதியிருக்கிறேன். மூன்றாவது படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகவேண்டாம். இந்தப் பாம்பு ஒன்றும் செய்யாது என்று சொல்வது சுகம். கையில் இருப்பது இந்தப் பாம்புதானா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தேடப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

விசாகப்பட்டினத்தில் கிடைத்த ஒரு பாம்பைப் பற்றி ஸ்கொட்லாந்துக்காரரான பற்றிக் ரசல் 1796 இல் எழுதினார். அந்த விவரத்தை வைத்து 1803 இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடான் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நம்மூர்க் கண்ணாடிப் புடையனை ஆங்கிலத்தில் ரசல்ஸ் வைப்பர் என்கிறார்களே, அதே ரசல்தான். மிகப் பொல்லாத பாம்புகளில் ஒன்றுக்கும், ஒன்றுமே செய்யாத இந்தப் பாம்புக்கும் ஒரே மனிதரிடம் முடிச்சு விழுந்திருக்கிறது.

இந்த இனத்தில் ஆண் கிடையாது. இன்றுவரை யாரும் ஒரு ஆணைக் கண்டதில்லை. எல்லாம் பெண், துணையில்லாமலே முட்டையிடும், பொரிப்பதும் பெண்ணாகவே இருக்கும், தாயின் நகலாக. வழமையாக விலங்குகளுக்கு நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) இரண்டு தொகுதி என்றால் இதற்கு மூன்று தொகுதி. பாம்புகளில் எப்போதுமே இப்படி மட்டும் இனம்பெருக்குவது வேறு எதுவும் அறியப்படவில்லை.

ஆண் தேவையில்லை என்பதால் ஒரு பூச்சட்டி மண்ணுக்குள் ஒரே ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தாலே போதும், அங்கே ஒரு குடியேற்றம் தொடங்கிவிடும். செடிகளோடும் மண்ணோடும் கப்பலேறி அவுஸ்திரேலியா, ஆபிரிக்கா, மெக்சிக்கோ, புளோரிடா என்று போய்விட்டது. ஹவாய்த் தீவுகளில் காலூன்றிய ஒரே தரைப்பாம்பு இதுதான். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடிகளின் வேர்மண்ணோடு போனது. பாஸ்போட்டும் இல்லை, விசாவும் இல்லை, ஏஜென்சிக்குக் காசும் கட்டவில்லை. எங்கள் ஆட்களை விடப் பெரிய புலம்பெயர் சமூகம். கனடாக் குளிர் மட்டும் இதற்கு ஒத்துவராது.

படி 1: காலத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இதைப் பார்க்க இரண்டு நல்ல காலங்கள் உண்டு. ஒன்று ஐப்பசி மழை தொடங்கும் நாட்கள். மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த செம்மண்ணில் முதல் பெருமழை இறங்கியதும் மண்ணுக்குள் இருக்கும் ஓட்டைகளிலும் வேர்ப்பாதைகளிலும் தண்ணீர் நிரம்பும். பாம்பு மேலே வரும். அந்த இரவும் அடுத்த நாள் விடியற்காலையும் முற்றத்தில், சீமெந்துத் திண்ணையில், கிணற்றுக் கட்டில் எல்லாம் காணலாம். வெயில் ஏறினால் ஒன்றும் கிடைக்காது. காகமும் கோழியும் முந்திவிடும்.

மற்றது நான் முதலில் சொன்ன மார்கழி, தை. பாத்தி கிண்டும் காலம்.

கோடையில் தேடுவது என்றால் ஈரத்தைத் தேடுங்கள். மண் காயக் காய இது ஆழத்துக்குப் போகும், அல்லது வளவில் எங்கே ஈரம் மிஞ்சியிருக்கிறதோ அங்கே ஒதுங்கும். யாழ்ப்பாண வளவில் அந்த இடம் எது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கிணற்றடிதான். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் சின்ன வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும் அல்லவா, அந்த வாழையடியில் தொடங்குங்கள். உக்கிய வாழைமட்டை, அதன் கீழே கறுத்த ஈரமண், மண்ணுக்குள் எறும்புக் கூடு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் புழுப்பாம்புக்கு வீடும் சமையலறையும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி. உடைந்த துணி துவைக்கும் கல், தலைகீழாய்க் கிடக்கும் வாளி, ஆண்டுக்கணக்காக அசையாத தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, இவற்றின் அடியையும் பாருங்கள்.

இது தானாகப் பெரிய வளை தோண்டாது. தலை மழுங்கலாக இருந்தாலும் இறுகிய நிலத்தை உடைக்கிற பலம் அதற்கு இல்லை. எறும்பும் கறையானும் போட்ட பாதை, செத்த வேர் விட்டுப்போன ஓட்டை, கல்லுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெடிப்பு, இவற்றுக்குள் ஊர்ந்து திரியும். அதனால்தான் கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணைக் கொத்திப் புரட்டி எருப் போட்ட தோட்டக்கரைகள் நல்ல இடம். சுண்ணக்கல் மேலே தலைகாட்டும் இடங்களில் கல்லிடுக்கு இருக்கும், ஆனால் மண் ஆழமில்லை. மழைக்காலம் தவிர மற்றக் காலத்தில் அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

பனங்கிழங்குப் பாத்தி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மண்ணை உயர்த்திக் குவித்து, பனங்கொட்டையை அடுக்கி மூடி, மாதக்கணக்காக யாரும் தொடாமல் விட்டு வைக்கிறோம். மண் பொலபொலவென்று இருக்கிறது. கொட்டையில் ஒட்டியிருக்கும் பனங்களிக்கும் தும்புக்கும் எறும்பு வரும், கறையான் வரும். பிறகு புழுப்பாம்பு வராமல் என்ன செய்யும்? கிண்டும்போது முதல் வெட்டைப் பாத்தியின் ஓரத்தில், ஆழமில்லாமல் போடுங்கள். மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்காமல் சாய்த்து மண்ணை இழுத்தால் கிழங்கும் முறியாது, பாம்பும் துண்டாகாது.

வேலியடி இன்னொரு இடம். கிடுகு மண்ணைத் தொடும் வரிசையில் கறையான் ஏறியிருந்தால் அந்த உக்கிய கிடுகை மெல்ல விலக்கிப் பாருங்கள். உக்கிய தென்னங்குற்றி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் உள்ள பழைய எருக்கும்பி, பூச்சட்டியின் அடி எல்லாம் இதே கணக்குத்தான். பூச்சட்டியில் முட்டையே கிடைக்கக் கூடும்: நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக, நீளவாக்கில். ஒருமுறைக்கு எட்டுவரை இடும்.

உப்பு ஏறிய தரவை, தண்ணீர் நிற்கும் வயல், மணற்காடுப் பக்கத்து வெறும் மணல்மேடு, இவை வேண்டாம். அதிலும் வறண்ட மணற்பாங்கில் கல்லைப் புரட்டுவது நஞ்சுள்ள சுருட்டை விரியனைத் தேடிப்போவதற்குச் சமம்.

எப்படிப் புரட்டுவது

வெறுங்காலோடு போகவேண்டாம், மூடிய சப்பாத்து போடுங்கள். கல்லின் கீழே விரல் விடக்கூடாது. அலவாங்கு அல்லது ஒரு தடியால் கல்லின் தூரமான விளிம்பை நெம்பி, கல்லை உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அப்படிச் செய்தால் திறப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும் உங்கள் காலுக்கும் அதற்கும் நடுவில் கல் நிற்கும். மெல்லத் தலையை நீட்டிப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் கல்லை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வையுங்கள். புரட்டிய கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவது, ஒருவர் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுப் போவது மாதிரி. ஒரு நாள் வெயில் பட்டால் அடியிலிருந்த ஈரம் போய்விடும், ஈரத்தோடு எல்லாம் போய்விடும்.

பொழுதுபட்டபின் பார்ப்பதென்றால் ரோச் லைட் இல்லாமல் இறங்கவேண்டாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. எண்ணெய் விரியன் என்று நாம் சொல்லும் கட்டுவிரியன் இரவில் இரை தேடும். அது தின்னும் இரையில் புழுப்பாம்பும் ஒன்று. நீங்கள் தேடுகிற அதே ஆளை அதே நேரத்தில் அதுவும் தேடிக்கொண்டிருக்கலாம்.

படி 3: அடையாளம் காணுங்கள், கை வைக்கும் முன்

மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

முதல் கேள்வி: இது மண்புழுவா? மண்புழு உடம்பைச் சுருக்கி நீட்டி நகரும். நீளும்போது மெலியும், சுருங்கும்போது தடிக்கும். உடம்பு முழுக்க வளையம், வழுவழுப்பான ஈரம். புழுப்பாம்பு சுருங்கி நீளாது. நீளம் மாறாமல் பக்கவாட்டாக வளைந்து வளைந்து ஓடும், வெளிச்சம் பட்டால் துடித்துக்கொண்டு மண்ணுக்குள் புக வழி பார்க்கும். தோல் காய்ந்திருக்கும், ஆனால் மினுங்கும், எண்ணெய் பூசிய கறுப்பு நூலைப் போல. மண்புழுவின் மேல் மண் ஒட்டும், இதில் ஒட்டாது. எனக்கு இந்த ஒன்றே போதும்: மண்ணிலிருந்து எடுத்தும் சுத்தமாக இருந்தால் அது பாம்பு.

இரண்டாவது: பருமனும் நிறமும். நீளம் பெரும்பாலும் 6 முதல் 16 சென்ரிமீற்றருக்குள். தடிப்பு, போல்பொயின்ற் பேனைக்குள் இருக்கும் ரீஃபில் அளவு. நிறம் கறுப்பு, சாம்பல், கபிலம், சிலது ஊதா கலந்த கறுப்பு. அடிப்பக்கம் சற்று வெளிறியிருக்கும். தோல் கழற்றப் போகும் நாட்களில் நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு மங்கல் நிறத்துக்கு வரும். அப்போது பார்ப்பவர்கள் புது இனம் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பார்கள். எந்த நிறமானாலும் கோடு, புள்ளி, கோலம் எதுவும் இருக்காது. தலையிலிருந்து வால்வரை ஒரே தடிப்பு.

மூன்றாவது கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது: இது வேறு பாம்பின் குட்டியாக இருக்குமா? நாகம், புடையன், கட்டுவிரியன் ஆகியவற்றின் குட்டிகள் பிறக்கும்போதே ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும், ஆகவே பருமனிலேயே பிடிபட்டுவிடும். குழப்பம் தரக்கூடியது சுருட்டை விரியன் குட்டி. அது மிகச் சின்னது, புழுப்பாம்பின் நீளத்துக்குக் கிட்ட வரக்கூடியது, யாழ்ப்பாணத்தில் உள்ளது, பிறந்த நாளிலேயே நஞ்சு உள்ளது. ஆனால் பார்த்தால் தெரியும். அதன் தலை கழுத்தை விட அகலம். கண் பெரிது, பூனைக்கண் மாதிரி நெட்டாகக் கிழித்த கருமணி. உடம்பு சொரசொரப்பு, மினுக்கம் கிடையாது. முதுகில் வெளிறிய திட்டுகள், பக்கத்தில் அலைக்கோடு. தொந்தரவு செய்தால் சுருண்டு, உடம்பை உடம்போடு உரசிச் சர்ரென்று சத்தம் போடும்.

எனவே விதி இதுதான்: கழுத்து, கண், கோலம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தெளிவாகத் தெரிந்தால் அது புழுப்பாம்பு அல்ல, இரண்டடி பின்னால் வாருங்கள். வெளிச்சம் காணாது, சரியாகத் தெரியவில்லை என்றாலும் அதே விதிதான். தெரியாததைத் தொடாமல் விட்டதால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்தப் பாம்பு கடித்தாலும், கடித்தது எது என்று தெரியாவிட்டாலும், கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும்.

படி 4: கிட்டப் பாருங்கள்

இதற்கு மேல்தான் சுவை. தேவையான சாமான்: ஒரு சிரட்டை, அகன்ற வாய் ஜாம் போத்தல், அரைவாசிக்கு ஈரமண், இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி, அடிமட்டம்.

பாம்பை விரலால் கிள்ளி எடுக்கவேண்டாம், நசுங்கிவிடும். அதன் முன்னால் சிரட்டையைச் சரித்து வைத்து, பின்னாலிருந்து ஒரு ஈர இலையால் மெல்லத் தள்ளுங்கள், தானே ஏறும். பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கவேண்டாம், நிழலில் மட்டும் வையுங்கள். சின்ன வயதில் நான் ஒன்றை வெறும் கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு, மண்ணும் போடாமல், பள்ளிக்கூடத் தோழனுக்குக் காட்ட என்று படலைத் தூணில் வைத்துவிட்டு அவனைக் கூட்டிவரப் போனேன். வந்து பார்த்தபோது காய்ந்த ஈர்க்குத் துண்டு மாதிரிக் கிடந்தது. அரை மணித்தியாலம் கூட ஆகியிருக்காது. அவ்வளவு மெல்லிய உடம்பில் எவ்வளவு ஈரம்தான் இருக்கும்?

முதலில் கண்ணைத் தேடுங்கள். தலையின் இரு பக்கமும் செதிலுக்குக் கீழே ஊசி குத்திய மாதிரி இரண்டு கறுப்புப் புள்ளி. அதற்கு வெளிச்சமும் இருட்டும் தெரியும், உருவம் தெரியாது. போனின் வெளிச்சத்தை ஒரு பக்கமாகக் காட்டினால் தலையை மற்றப் பக்கம் திருப்பும்.

வாய் முன்னால் இருக்காது, மூக்குக்குக் கீழே ஒதுங்கியிருக்கும், சுறாவுக்கு இருப்பது போல. மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாய்க்குள் மண் போகாது. அந்த வாய் திறந்தாலும் உங்கள் தோலைப் பிடிக்குமளவு அகலாது. பல் மேல்தாடையில் மட்டும், கீழ்த்தாடை வெறுமை. எறும்பின் முட்டை, குஞ்சு, கூட்டுப்புழு, கறையான் இவற்றை மேற்பல்லால் மளமளவென்று உள்ளே வாரி இழுக்கும். மற்றப் பாம்புகள் ஒரு பெரிய இரையை விழுங்கிவிட்டு நாட்கணக்காகச் சும்மா கிடக்கும். இது எறும்புக் கூட்டுக்குள் நுழைந்து கல்யாண வீட்டுப் பந்தியில் இருப்பது போலச் சாப்பிடும். எறும்பு கடிக்காதா என்றால், கடிக்கும், ஆனால் அந்த மினுங்கும் செதில்கள் ஓடு வேய்ந்தது போல நெருக்கமாக, வழுவழுவென்று இருப்பதால் கடி பிடிக்க இடமில்லை.

கறையான் தின்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. யப்பானில் இதே இனத்தை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், கறையானின் தலையைத் துண்டித்துவிட்டு உடலை மட்டும் விழுங்குவதை 2015 இல் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் இல்லை, பல தடவை. தலையோடு விழுங்கியபோது அந்தத் தலை செரிக்காமல் அப்படியே எச்சத்தில் வந்தது. எங்கள் ஆட்கள் நெத்தலிக்குத் தலை கிள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வால். தலையும் வாலும் ஒரே மாதிரி மழுங்கி இருப்பதால்தான் இருதலைப் பாம்பு என்ற பேச்சு வந்தது. வால் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு சின்ன முள் தெரியும். மண்ணுக்குள் முன்னேறும்போது அதைத்தான் ஊன்றிக்கொள்ளும். கையில் விட்டால் அந்த முள்ளால் உள்ளங்கையைக் குத்திப் பார்க்கும். கூர்மழுங்கிய பென்சில் பட்ட மாதிரி இருக்கும். "கடித்துவிட்டது" என்று சொல்பவர்கள் அனேகமாக இந்தக் குத்தைத்தான் சொல்கிறார்கள். அதில் நஞ்சு கிடையாது. அதோடு ஒரு நாற்றத்தையும் விடும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும்.

செவிக்குள் புகும் என்ற கதைக்கு என் பதில்: ஈரமண்ணையும் எறும்பையும் விட்டுவிட்டு உங்கள் செவிக்குள் வந்து அது எதைத் தின்னப்போகிறது? பாயில் படுப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து கட்டுவிரியன்தான். அம்மம்மாவுக்கு இதைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "உனக்கென்ன தெரியும்" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

படம் எடுப்பதானால் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒன்று, தலையின் பக்கத்திலிருந்து ஒன்று. நல்ல போன் என்றால் செதில் வரிசையை எண்ணக்கூட முடியும்: உடம்பைச் சுற்றி 20 வரிசை, தலைப்பக்கம் தொடங்கி வால்பக்கம் வரை மாறாது. இலங்கையில் இதைப் போன்ற வேறு குருட்டுப் பாம்பு இனங்களும் உண்டு. அவற்றில் பலவற்றை எட்வர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர் 1947 இல் விவரித்தார். அவற்றைப் பிரித்தறிய செதில் எண்ணிக்கையும் தலைச் செதில்களின் ஒழுங்கும் வேண்டும். உங்கள் படம் தெளிவாக இருந்து, நாளும் இடமும் குறித்து வைத்திருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். உயிரினப் படங்களைப் போட்டு அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளத்தில் போடலாம்.

படி 5: குளியலறைக்குள் வந்துவிட்டால்

மாரி காலத்தில் பெரும்பாலானோர் இதைச் சந்திப்பது இங்கேதான். கழிவுக் குழாய் வழியாகவும் சுவர் வெடிப்பு வழியாகவும் வரும். வெள்ளை மாபிளில் கறுப்பாக நெளிவதைப் பார்த்ததும் உப்பு, டெற்றோல், சுடுதண்ணீர் என்று ஓடுவார்கள். ஒன்றும் தேவையில்லை. மூன்றாம் படியின் விதியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: கழுத்து, கண், கோலம். மூன்றும் இல்லையா? ஒரு பழைய பத்திரிகைத் தாளை நனைத்து அதன் பக்கத்தில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் தாளின் கீழே ஒதுங்கிவிடும், ஏனென்றால் அதற்கு வேண்டியது இருட்டும் ஈரமும். தாளோடு சேர்த்துச் சிரட்டைக்குள் அள்ளி, வாழையடிக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

தும்புத்தடியால் கூட்டித் தள்ளினால் குழாய்க்குள் திரும்பப் போய்விடும், நாளைக்கு மறுபடி வரும். திரும்ப வராமல் இருக்க, குழாய் வாய்க்கு நுளம்பு வலைத் துண்டொன்றை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். பூச்சட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். இது போதும்.

படி 6: வளவில் இருக்க விடுங்கள்

புழுப்பாம்பு இருந்தால் கறையான் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கறையான் புற்றில் இருக்கும் கூட்டத்தின் முன்னால் இந்த ரீஃபில் தடிப்புப் பாம்பின் வயிறு எம்மாத்திரம்? ஆனால் தேரை, ஓணான், பல்லி, எறும்பையே தின்னும் எறும்பு என்று மண்ணில் ஒரு கூட்டுவேலை நடக்கிறது. அதில் இதுவும் ஒரு கை. அதை இதற்காகவே காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை, கெடுக்காமல் விட்டால் போதும்.

கெடுப்பது எது என்றால், கறையானுக்கு என்று வேலி நீளத்துக்கு மருந்தை ஊற்றுவது. நிலைக்கதவில் ஏறினால் அந்த இடத்துக்கு மட்டும் மருந்து போடுங்கள். வளவு முழுவதும் ஊற்றினால் பாம்புக்கு உணவும் இல்லை, சுண்ணக்கல்லுக்குக் கீழே இருக்கும் உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் அது நல்லதல்ல. வாழைச் சருகை எரிக்காமல் வாழையடியிலேயே போடுங்கள். முற்றத்தைப் பளிங்கு போலக் கூட்டுங்கள், அது எங்கள் வழக்கம். கோடிப்புறத்தில் ஒரு மூலையை மட்டும் கூட்டாமல் விடுங்கள்.

கோழி வளர்ப்பவர்கள் ஒன்றும் செய்ய முடியாது. கோழிக்கு இது நூடில்ஸ்.

தேரையும் இதைத் தின்னும், ஆனால் எப்போதும் வெற்றியில்லை. கிழக்குத் திமோரில் 2012 இல் ஒரு தேரையின் பின்பக்கத்திலிருந்து இந்தப் பாம்பு ஒன்று உயிரோடு வெளியே வந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். விழுங்கப்பட்டு, குடல் முழுவதையும் ஊர்ந்து கடந்து, மற்றப் பக்கத்தால் வெளியேறியிருக்கிறது. சில மணித்தியாலத்தில் செத்துவிட்டது, அது வேறு கதை. அந்தத் தேரை, நம் கிணற்றடியில் மழைக்குக் கத்துகிற அதே இனம்தான்.

படி 7: திரும்ப விடுதல்

எடுத்த இடத்திலேயே விடுங்கள். அடுத்த வளவில் விடவேண்டாம், வெளியூருக்கு வேண்டவே வேண்டாம். செடி, எரு, மண் எதையாவது தீவுப்பகுதிக்கோ வெளிமாவட்டத்துக்கோ ஏற்றுவதானால் வேர்மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஒன்று போனாலே போதும் என்பதை மறக்கவேண்டாம்.

வெயில் படாத இடமாகப் பார்த்து, விரல் பருமன் குச்சியால் மண்ணில் சரிவாக ஒரு ஓட்டை போடுங்கள், இரண்டு அங்குலம் போதும். சிரட்டையை அதன் வாயில் சரியுங்கள். உடனே போகாது. நாக்கை நீட்டி நீட்டி விளிம்பைத் தொட்டுப் பார்க்கும், வெளிறிய மயிரிழை மாதிரி ஒரு நாக்கு. பிறகு தலை போகும். உடம்பு பின்னாலேயே, யாரோ உள்ளேயிருந்து நூலை இழுப்பது போலப் போகும். கடைசியாக வால் நுனி முள்ளை மண்ணில் ஒருமுறை ஊன்றிவிட்டு மறையும். ஓட்டையை மண் போட்டு மூடாதீர்கள். கல்லை மட்டும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.